அந்த ஒரு மார்க்கு

"பேப்பர்ல லயன் கிங்னுதான் போட்டிருக்கு அங்கிள்."

நேத்து ராத்திரியிலேர்ந்து இந்த ஒரு வரி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அபார்ட்மென்ட் பொங்கல் விழா, க்விஸ், ஆடியோ ரவுண்டு, கையில மைக்கோட ஒரு தம்பி. மிச்சத்தை நீங்களே போட்டுக்குங்க.

பத்து செகண்டு ஓட விட்டான். 'விமோவே விமோவே'. "இந்தப் பாட்டோட ஒரிஜினல் எது?"

கேட்டது ஒரிஜினல். கவனிங்க, அவன் வாயாலயே ஒரிஜினல்னு கேட்டான். நான் எழுந்து நின்னே சொன்னேன்: "ம்பூபே. சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்கா, 1939."

"ம்ப்... என்னது அங்கிள்?"

பின்னாடி யாரோ சிரிச்சாங்க. பி பிளாக் பொண்ணு ஒண்ணு "லயன் கிங்!"னு கத்துச்சு. கைதட்டல். அதுக்கு மார்க்கும் குடுத்து ஒரு சாக்லேட்டும் குடுத்தான்.

அந்தப் படம் வந்தது 1994-ல தம்பி. அதுல ஒரு கீரியும் காட்டுப்பன்னியும் நடந்துக்கிட்டே ரெண்டு வரி பாடும், அவ்வளவுதான். நீ ஓட விட்டியே, அது டோக்கன்ஸ்னு ஒரு குழு பாடினது, 1961. அமெரிக்காவுல நம்பர் ஒன். சரி, படத்துக்கு 33 வருஷம் முன்னாடி வந்த பாட்டுக்குப் படம் எப்படிடா ஒரிஜினல் ஆகும்? பேரன் தாத்தாவைப் பெத்தானா? இதை அப்படியே மைக்குலயே கேட்டேன். "பேப்பர்ல அப்படித்தான் இருக்கு அங்கிள்." பேப்பரைக் கொண்டாந்து காட்டவும் செஞ்சான், ஏதோ ஹைகோர்ட் தீர்ப்பு மாதிரி.

பேப்பராம் பேப்பர். இந்தப் பாட்டு நாசமாப் போனதே பேப்பராலதான். ஜோகன்னஸ்பர்க்ல கேலோங்கிற ரிக்கார்டு கம்பெனிக்கு லிண்டா அந்த 'ம்பூபே' பாட்டைப் பாடிக் குடுத்தாரு. மூணாவது டேக்ல, யாரும் எழுதிக் குடுக்காம, தானா உச்சஸ்தாயில ஒரு இழுப்பு இழுத்தாரு பாருங்க, அந்த மெட்டுதான் இன்னிக்கு உலகமே முணுமுணுக்குது. உரிமைக்குக் கிடைச்சது பத்து ஷில்லிங். அதே கம்பெனியில கூலி வேலை.

அந்த ரிக்கார்டு அமெரிக்காவுல பீட் சீகர்ங்கிற நாட்டுப்புறப் பாடகர் கைக்குப் போச்சு. பாட்டுல வர்ற வார்த்தை, லிண்டாவோட ஜூலு மொழியில 'உயிம்பூபே'. நீ ஒரு சிங்கம்னு அர்த்தம். மனுசன் காதுல அது 'விமோவே'ன்னு விழுந்துச்சு. 1951-ல வீவர்ஸ் குழுவோட அப்படியே பாடிட்டாரு. எழுதினவர் பேர் எதுவாம்? பால் கேம்பல். யாருன்னு தேடாதீங்க. அப்படி ஒரு ஆளே கிடையாது. ராயல்டிக்காக அந்தக் குழு வச்சுக்கிட்ட புனைபேரு. இல்லாத மனுசனுக்குப் பேப்பர்ல இடம் இருந்துச்சு, லிண்டாவுக்கு இல்ல.

அப்புறம் டோக்கன்ஸுக்காக இங்கிலீஷ் வரி எழுதினாங்க. அடர்ந்த காட்டுல சிங்கம் தூங்குதாம். சிங்கம் பெரும்பாலும் புல்வெளியில இருக்கிற மிருகம்யா! விடுங்க, அந்தச் சண்டை வேற. 1962-ல லிண்டா செத்தப்போ அவர் கல்லறைக்குக் கல்லு நட வீட்டுல காசு இல்ல. 2004-ல வாரிசுங்க கேஸ் போட்டு, 2006-ல சமரசமாகி, அப்புறம்தான் உருப்படியா ஏதோ பணம் கிடைச்சுது.

இவ்வளவையும் மேடைக்குக் கீழ நின்னு அந்தத் தம்பிக்கு விளக்கினேன். அவனும் பொறுமையா தலையாட்டினான். "சூப்பர் அங்கிள், நெக்ஸ்ட் இயர் நீங்களே க்விஸ் நடத்துங்க"ன்னான். மார்க்கு மட்டும் தரல. ஒரே ஒரு மார்க்குல ரெண்டாவது எடம்.

திரும்பிப் பார்த்தா சர்க்கரைப் பொங்கல் காலி. அடியில ஒட்டினதைக்கூட வழிச்சிட்டாங்க. வெறும் வயித்தோட நாலு மாடி ஏறினேன், லிஃப்ட் தீபாவளியிலேர்ந்து ரிப்பேர். மெயின்டனன்ஸ் மட்டும் மாசம் பொறந்தா கரெக்டா வாங்கிடுறாங்க. மூணாவது மாடி வந்தப்போதான் கவனிச்சேன், படிக்கு ஒண்ணா நானே முணுமுணுத்துக்கிட்டு ஏறுறேன்: விமோவே, விமோவே.