பத்துக்கு எட்டு பேனர்

(நாகர்கோவிலில் ஒரு பிளெக்ஸ் கடை. கம்ப்யூட்டர் திரையில் தலைவர் செல்போனைக் காதில் வைத்தபடி நடந்து வருகிறார். நிற்கிற போட்டோ அவரிடம் கிடையாது.)

தலைவர்: தம்பி, நவம்பர் 1 வருகிறது. 'தமிழ்நாட்டுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று போடு.

கடைக்காரர்: ஜூலை 18-க்கும் இதையேதான் அடித்தோம், தலைவரே. ஒரு ஆளுக்கு இரண்டு பிறந்தநாளா?

தலைவர்: ஒன்று ஜாதகப்படி, ஒன்று சர்டிபிகேட்படி.

கடைக்காரர்: 1956 நவம்பர் 1 மாநிலங்களைப் பிரித்த நாள். பேர் அப்போதும் மெட்ராஸ் ஸ்டேட்தான். அண்ணா முதல்வராகி 1967 ஜூலை 18-ல் சட்டசபையில் தீர்மானம் போட்டார். பேர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14.

தலைவர்: அடடே, ஜனவரியிலும் ஒன்றா! பொங்கல் வாழ்த்தோடு சேர்த்துவிடு, செலவு மிச்சம். என் போட்டோவை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கு.

கடைக்காரர்: திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம்ம குமரி மாவட்டம் இங்கே வந்து சேர்ந்ததும் அந்த நவம்பர் 1-தான். அதற்காகப் போராடிய நேசமணி படம் வேண்டாமா?

தலைவர்: தாராளமாக வை. மேலே மூலையில்.

கடைக்காரர்: அங்கே உங்கள் மச்சான் இருக்கிறார்.

தலைவர்: கீழே?

கடைக்காரர்: மச்சான் மகன். யூகேஜி.

தலைவர்: வளரும் தலைமுறை, தம்பி. கை வைக்காதே.

கடைக்காரர்: அதே போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டுச் செத்தார்களே, அவர்களுக்கு ஒரு வரி?

தலைவர்: அவர்கள் எந்த வார்டு?

கடைக்காரர்: ...சரி, சங்கரலிங்கனார்?

தலைவர்: அவர் எந்த வார்டு?

கடைக்காரர்: விருதுநகர்.

தலைவர்: மாவட்டமே வேறயா! அங்கே நமக்கு ஏது ஓட்டு?

கடைக்காரர்: 'தமிழ்நாடு' என்று பேர் வைக்கச் சொல்லி 1956-ல் உண்ணாவிரதம் இருந்தவர். எழுபது நாளுக்கு மேல். அக்டோபர் 13-ல் உயிரே போய்விட்டது. நீங்கள் வாழ்த்துச் சொல்லுகிற நவம்பர் 1-ஐ அவர் பார்க்கவே இல்லை.

தலைவர்: எழுபது நாளா? போன மாதம் நாங்கள் இருந்ததில் பதினொரு மணிக்கே எனக்குக் கண் இருட்டிவிட்டது.

கடைக்காரர்: பத்தரைக்குத்தானே ஆரம்பித்தீர்கள்?

தலைவர்: சரி சரி, அவர் படத்தையும் வை. ஸ்டாம்பு சைஸ் போதும்.

கடைக்காரர்: உங்கள் மீசையில் ஒரு பக்கத்தை வெட்டினால் இடம் கிடைக்கும்.

தலைவர்: மீசையைத் தொடாதே! மச்சான் மகனை எடுத்துவிடு... ஐயோ வேண்டாம், வீட்டில் சோறு கிடைக்காது.

கடைக்காரர்: அப்படியாவது ஒரு நாள் முழுசாக இருந்து பாருங்கள், தலைவரே. அட்வான்ஸ் எவ்வளவு?