ஃப்ரேம் மெத்தென்று இருக்கிறதாம்

போன வாரம் ஒரு அண்ணன் போன் செய்தார். பத்து வருடமாக ஒரே அலுமினிய சைக்கிளை ஓட்டியவர். பிள்ளைகள் படிப்பு முடிந்து இப்போதுதான் கையில் கொஞ்சம் பணம் நிற்கிறது. "தம்பி, அளவெடுத்து ஒரு ஃப்ரேம் செய்யச் சொல்லலாம்னு இருக்கேன். ஸ்டீலா, டைட்டானியமா? எது மெத்துன்னு இருக்கும்?" என்றார். பதில் சொல்ல ஆரம்பித்து நாற்பது நிமிடம் ஓடியது. அண்ணி சாப்பிடக் கூப்பிட்டதால் பாதியில் நின்றுபோனது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஓட்டுகிற உணர்வு மாறும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆளாளுக்கு அந்த வித்தியாசத்தைப் பிட்டத்தில் தேடுகிறார்கள். அது இருப்பது காலிலும் கையிலும்.

இதை நான் மானம் போய்த்தான் கற்றுக்கொண்டேன். என்னிடம் இருப்பது ஸ்டீல் ஃப்ரேம், எனக்காக அளவெடுத்துச் செய்தது. நண்பர் ஒருவரிடம் அமெரிக்காவில் செய்து வரவழைத்த டைட்டானியம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஈசிஆரில் முட்டுக்காடு தாண்டி இருவரும் சைக்கிளை மாற்றிக்கொண்டோம். பத்து கிலோமீட்டர்கூட ஓட்டியிருக்க மாட்டேன், "நெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுதுய்யா" என்று கத்தினேன். வீட்டுக்கு வந்து டைட்டானியத்தின் மகிமை பற்றி இதே முகநூலில் ஒரு பதிவும் போட்டேன். தேடாதீர்கள், நீக்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் சைக்கிளைச் சுத்தம் செய்ய என் வீட்டுக்கு வந்தார். இரண்டுமே டிஸ்க் பிரேக், ஒரே அளவு அச்சு. சும்மா சக்கரங்களை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். டிஸ்க் லேசாக உரசியது, அதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போனது. பிறகு தெருவை நாலு சுற்று சுற்றினேன். நெய் என் ஸ்டீல் சைக்கிளுக்கு இடம் மாறியிருந்தது! அவருடைய டைட்டானியம் கட்டை வண்டி மாதிரி தடதடத்தது. பம்பை மாட்டிப் பார்த்தால் அவர் சக்கரத்தில் 32 மில்லிமீட்டர் டயர், 55 பிஎஸ்ஐ காற்று. என்னுடையதில் 28, அதுவும் 90 பிஎஸ்ஐ. அவ்வளவுதான் டைட்டானியத்தின் மகிமை.

யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சைக்கிள் ஃப்ரேம் என்பது முக்கோணங்கள். ஓட்டுகிறவரின் எடை மேலிருந்து கீழே அழுத்தும்போது முக்கோணம் வளைந்து கொடுக்காது. பாலத்துக்கும் கூரைக்கும் முக்கோணமாகச் சட்டம் அடிப்பது அதற்காகத்தான். பள்ளத்தில் விழும்போது ஃப்ரேம் கீழ்நோக்கிக் கொடுக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. டயர்? ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கர் டயர்களை அளந்து அளந்து பார்த்து, ஆள் ஏறி உட்கார்ந்தால் டயர் அதன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்குகிற அளவுக்குக் காற்று வைப்பது நல்லது என்று சொன்னார். 32 டயரில் அது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். அதற்கு மேல் சீட்டின் நுரை, வெளியே நீண்டு நிற்கும் சீட் கம்பி, ஹேண்டில்பார் டேப், கையுறை. இத்தனை மெத்தைகளுக்கு அடியில் கிடக்கிற அந்த ஒரு மில்லிமீட்டரை உடம்பு கண்டுபிடிக்கிறது என்று சொன்னால், ஏழு மெத்தைக்கு அடியில் கிடந்த தலைமுடி குத்தியதாகச் சொன்ன வேதாளக் கதை ஆசாமியின் கதைதான். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கு மட்டும் விலக்கு தருகிறேன். நுனியில் வளைந்த மெல்லிய ஸ்டீல் ஃபோர்க் உண்மையாகவே ஆடும், அது கையில் தெரியும்.

நான் ஒருவன் சொன்னால் நம்ப வேண்டாம். 1990களில் பைசிக்கிள் கைடு என்ற அமெரிக்கப் பத்திரிகை இத்தாலியில் அந்தோனியோ மொன்டோனிகோ என்ற கைதேர்ந்த ஃப்ரேம் ஆசாரியிடம் ஏழு ஃப்ரேம்கள் செய்து வாங்கியது. அளவு ஒன்று, கோணங்கள் ஒன்று, வெளித்தோற்றம் ஒன்று. குழாய் மட்டும் கொலம்பஸ் கம்பெனியின் வெவ்வேறு வகை, மலிவிலிருந்து உச்ச விலை வரை. அனுபவசாலி ஒருவர் எது எது என்று தெரியாமல் ஓட்டிப் பார்த்தார். அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கட்டுரை வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது, இன்னும் குழாய் ஸ்டிக்கரைப் பார்த்து ஓட்டும் சுகத்தை வர்ணிக்கிறோம்.

ஸ்டிக்கர் என்றதும் ஒரு கிளைக்கதை. பழைய இங்கிலாந்து ரேஸ் சைக்கிள்களில் ஒட்டியிருக்கும் ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கருக்கு இன்றும் பக்தர்கள் உண்டு. 1935-இல் பர்மிங்காமில் வந்த மாங்கனீஸ் மாலிப்டினம் எஃகு அது. ரெனால்ட்ஸ் வெகுகாலம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துக்குள் இருந்த கம்பெனி. அதே குழுமம்தான் 1949-இல் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ஆக, அப்பா பால் கேன் கட்டி ஓட்டிய ஹெர்குலிசும் அந்த 531 ரேஸ் சைக்கிளும் ஒரு வகையில் பங்காளிகள். பர்மிங்காமுக்குப் பக்கத்தில் மூன்று வருடம் வேலையில் இருந்தபோது இதை அங்கே ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் அதை ரசித்ததாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 531 ஆகட்டும், பின்னால் வந்த 853 ஆகட்டும், நம்ம ஊர் கேட்டுக் கம்பி ஆகட்டும், எஃகின் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே தடிமன், ஒரே விட்டம் என்றால் எல்லாம் ஒரே அளவுதான் வளையும். விலை உயர்ந்த எஃகில் கூடுவது வலு. சீக்கிரம் நெளியாது, உடையாது. அந்தத் தைரியத்தில் குழாயின் சுவரை மெல்லிசாக்கலாம். கொலம்பஸ் எஸ்எல் என்ற பழைய குழாயில் இரண்டு முனையிலும் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6. இன்று நடுவில் 0.4 வரை போகிறார்கள். எடை குறைகிறது, கொஞ்சம் அதிகமாக வளைகிறது. வித்தியாசம் சுவரிலிருந்து வருகிறது, பெயரிலிருந்து வரவில்லை.

அதைவிடப் பெரிய ஆட்டம் விட்டத்தில். பழைய ஃப்ரேம்களில் கீழ்க்குழாய் 28.6 மில்லிமீட்டர். அதை 31.8 ஆக்கிவிட்டு, சுவரைத் தொடாமல் விட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். மூன்று மில்லிமீட்டருக்கு இவ்வளவு! "அலுமினியம் என்றாலே கல்லு" என்ற பேச்சும் இந்த விட்டத்தால் வந்ததுதான். உலோகமாகப் பார்த்தால் அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. 1979-இல் பிரான்ஸிலிருந்து வந்த விட்டூஸ் 979 அலுமினிய ஃப்ரேம், குழாய்களை ஒட்டுப்பசையால் இணைத்தது, விட்டம் ஸ்டீல் ஃப்ரேம் மாதிரியே ஒல்லி. அது ரப்பர் மாதிரி வளைகிறது என்று பலர் புலம்பினார்கள். அதே விட்டூஸை மிதித்து ஷான் கெல்லி பந்தயம் பந்தயமாக ஜெயித்தார், அது வேறு கதை. பிறகு 1980களில் கேனன்டேல் கொழுத்த குழாய்களோடு வந்தபோது அதே அலுமினியம் கல்லாகிப் போனது. டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் பாதிதான். அதைக் கொழுத்த குழாயாக்கினால் அதுவும் விறைக்கும். அதனால்தான் "டைட்டானியம் எப்படி இருக்கும்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எந்த விட்டம், எந்தச் சுவர், ஓட்டுகிறவர் எத்தனை கிலோ?

இனிமேல்தான் நான் நிஜமாகவே நம்புகிற பகுதி. ஃப்ரேம் மேலிருந்து கீழே வளையாது, பக்கவாட்டில் வளையும், முறுக்கிக்கொள்ளும். எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள், தெரியும்.

கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுகளில் என் பழைய அலுமினிய சைக்கிளிலும் ஏறியிருக்கிறேன், இந்த ஸ்டீலிலும் ஏறியிருக்கிறேன். என் எடை 82 கிலோ. அலுமினியத்தில் எழுந்து மிதித்தால் ஏணியில் ஏறுவது மாதிரி இருக்கும். ஒவ்வொரு மிதியும் கணீரென்று முடியும், ஐம்பதாவது வளைவில் தொடை செத்துவிடும். ஸ்டீலில் மிதியின் அடியில் லேசாக ஒரு கொடுப்பு. ஊஞ்சலை உந்தும்போது ஒரு கணம் தேங்கித் திரும்புமே, அந்த மாதிரி. அந்தத் தாளத்துக்குக் கால் பழகிவிட்டால் களைப்பு தள்ளிப்போகிறது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம், மேலே டைட்டானியக் கதை சொன்னவன்தான் நான். ஆனால் சியாட்டிலில் பைசிக்கிள் குவார்ட்டர்லி பத்திரிகை நடத்திய ஜான் ஹைனே இதையே பல வருடங்களாகச் சொல்கிறார். குழாய்ச் சுவர் மட்டும் வேறாக, மற்றதெல்லாம் ஒன்றாகச் செய்த ஃப்ரேம்களைக் கண்ணைக் கட்டாத குறையாக மறைத்து ஓட்டி, மெல்லிய குழாயில் தங்களால் கூடுதலாக மிதிக்க முடிந்தது என்று எழுதினார். மொன்டோனிகோ சோதனையும் இதுவும் ஒன்றையொன்று வெட்டுகிறதே என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னது உணர்வைக் கேட்டது. பின்னது மேட்டில் எவ்வளவு மிதிக்க முடிகிறது என்று கேட்டது. என் காலுக்குப் பின்னதுதான் முக்கியம்.

வளைவதற்கு ஒரு விலையும் உண்டு. ஒருமுறை தெரிந்தவரின் எண்பதுகளின் இத்தாலிய ஸ்டீல் ஃப்ரேமில் ஏலகிரியிலிருந்து இறங்கினேன். ஒல்லிக் குழாய், எனக்குப் பெரிய அளவு. ஐம்பது கிலோமீட்டர் வேகம் தொட்டபோது ஹேண்டில்பார் நடுங்க ஆரம்பித்தது. பிடியை இறுக்க இறுக்க நடுக்கம் கூடியது. இரண்டு முழங்காலையும் மேல்குழாயில் அழுத்திப் பிடித்து, மெதுவாகப் பிரேக் போட்ட பிறகுதான் அடங்கியது. கீழே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அறுபது கிலோ ஆளுக்கு அந்த ஃப்ரேம் தேன். எனக்கு இல்லை. என் எடையைக் கேட்காமல் ஃப்ரேம் செய்கிறேன் என்கிற ஆசாரியிடம் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது கை. ஃபோர்க் நுழைந்து திரும்பும் முன் குழாயின் சாய்வும் ஃபோர்க்கின் முன்வளைவும் சேர்ந்து ட்ரெயில் என்ற ஓர் அளவைத் தருகின்றன. திருப்பும் அச்சு நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் டயர் நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம் அது. 28 டயர், 73 டிகிரி சாய்வு, 45 மில்லிமீட்டர் வளைவு என்றால் ட்ரெயில் 57 மில்லிமீட்டர் சுற்றுவட்டத்தில் வரும். 72 டிகிரி ஆக்கினால் 63-ஐ நெருங்கும். ஒரே ஒரு டிகிரி, கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது, ஓட்டினால் வேறு வண்டி. ட்ரெயில் கூடினால் வேகத்தில் கோடு கிழித்த மாதிரி போகும். மேட்டில் ஏழு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் முன் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலை சாயும். பிரெவே என்கிற, நேரக்கெடு வைத்த நெடுந்தூர ஓட்டத்தில் 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ராத்திரியில், தூக்கம் கண்ணைச் சொருகும்போது, எனக்கு வேண்டியது கோடு கிழிக்கிற சைக்கிள். அதனால் 72-க்கும் 73-க்கும் நடுவில் கேட்டு வாங்கினேன். நண்பரின் டைட்டானியம் கூர்மையாகத் திரும்பும், அவருக்கு அது பிடிக்கும். அந்த வித்தியாசம் சக்கரத்தை மாற்றிய அன்றும் இடம் மாறவில்லை.

உட்காரும் அளவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனக்குக் கால் குட்டை, முதுகு நீளம். கடை ஃப்ரேமில், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை நீளமாகப் போட்டும் சீட்டைப் பின்னால் தள்ளியும் ஒப்பேற்றி எட்டு வருடம் ஓட்டினேன். அளவெடுத்ததில் ஏறிய முதல் வாரமே கழுத்து வலி போனது. கொடுத்த பணத்தில் முக்கால்வாசி இதற்கே சரி என்பேன்.

அப்படியானால் டைட்டானியம் வேண்டாமா? வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. துரு. கடலோர ஊர் உப்புக் காற்று, நம்ம வியர்வை, மழையில் சீட் குழாய்க்குள் இறங்கும் தண்ணீர், இவையெல்லாம் ஸ்டீலை உள்ளிருந்து தின்னும். நான் வருடத்துக்கு ஒருமுறை சீட் கம்பியை உருவிக் குழாய்க்குள் எண்ணெய் தெளிக்கிறேன். ஹேண்டில்பாரிலிருந்து வியர்வை சொட்டும் இடத்தில் பெயின்ட் ஏற்கெனவே கொப்பளித்துவிட்டது. அண்ணன் திருவொற்றியூர்க்காரர், சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் நிறுத்துகிறவர், எண்ணெய் கிண்ணெய் எல்லாம் அவருக்கு ஆகாது. பணம் இடித்துக்கொள்ளாவிட்டால் டைட்டானியம் எடுக்கட்டும். துரு பிடிக்காது என்பதற்காக எடுக்கட்டும். மெத்தென்று இருக்கும் என்பதற்காக வேண்டாம்.

வரும் ஞாயிறு அவரைப் பழைய அலுமினிய சைக்கிளோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அதில் 32 டயர் நுழையும் என்றுதான் நினைக்கிறேன். பம்பை நான் பிடித்துக்கொள்கிறேன், எத்தனை பிஎஸ்ஐ என்று ஓட்டி முடிக்கும்வரை அவரிடம் சொல்லப்போவதில்லை.