என்.ஜி. ஷாட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஒவ்வொரு பெரிய படம் வந்த பிறகும் ‘வெட்டிய காட்சிகளை யூடியூபில் போடுங்கள்’ என்று ஒரு கூட்டம் கேட்கும். எனக்கு அந்த ஆசை இல்லை. எடிட்டர் ஒரு காட்சியை வெட்டினால் பெரும்பாலும் அது வெட்ட வேண்டிய காட்சிதான். பாட்டு விஷயம் கொஞ்சம் வேறு. 1991-ல் வந்த ‘தளபதி’க்காக ஜேசுதாஸும் ஜானகியும் பாடிய ‘புத்தம் புது பூ பூத்ததோ’ படத்தில் கிடையாது. ஆனால் கேசட்டில் இருந்தது, பிழைத்துக்கொண்டது. வெட்டிய காட்சிக்கு அப்படி ஒரு கேசட் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். என்.ஜி. ஷாட்டை, அதாவது ‘நோ குட்’ என்று கழித்த ஷாட்டை, வெளியிட வேண்டாம், அழிக்காமல் வையுங்கள்.

குன்னூரில் இருந்துகொண்டு படப்பிடிப்புக் குழுக்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பவன் நான். ஹீரோவின் இன்னொரு டேக் எப்படி வந்தது என்பதில் எனக்கு அக்கறை கிடையாது. அவருக்குப் பின்னால் இருக்கிற மலைதான் எனக்கு வேண்டும். சூட்டிங்மட்டம், கேத்தி ஸ்டேஷன், பைக்காரா ரோடு என்று சுற்றிச் சுற்றி அதே இடங்களுக்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். ‘மூன்றாம் பிறை’ 1982-ல் கேத்தி ஸ்டேஷனில் முடிந்தது, அதற்குப் பிறகு அங்கே கேமரா வைத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. ஒரே சரிவை நாற்பது வருடமாக வெவ்வேறு ஆட்கள் படம் பிடித்திருக்கிறார்கள். எங்கே புல்வெளி இருந்தது, எங்கே சீகை மரம் ஏறியது, எந்தக் கேரட் தோட்டம் ரிசார்ட் ஆனது எல்லாம் அதில் இருக்கும்.

‘அதுதான் படத்திலேயே தெரிகிறதே’ என்பீர்கள். தெரியாது. படத்தில் எங்கள் ஊர் காஷ்மீராகவும் சிம்லாவாகவும் கூட வரும். எந்த வருடம், எந்த மாதம் எடுத்தது என்பதும் இருக்காது. வெட்டாத ஃபுட்டேஜில் ஷாட்டின் தலையில் கிளாப் போர்டு வரும், அதில் தேதி எழுதியிருக்கும். எடிட்டர் முதலில் கழித்துப்போடுவது அந்தத் துண்டைத்தான். அதோடு, பனிமூட்டம் விலகட்டும் என்று கேமராவை ஓடவிட்டுக் காத்திருந்த நேரம், ‘கட்’ சொன்ன பிறகும் ஓடிய சில நொடிகள், ஃபிரேமுக்குள் தெரியாமல் வந்துவிட்ட தேயிலை பறிக்கும் பெண்கள். எல்லாம் என்.ஜி.

சத்தம் இன்னும் பாவம். நம் படங்களில் பெரும்பாலும் வசனத்தை ஸ்டுடியோவில் டப்பிங்தான் பேசுகிறார்கள். ஸ்பாட்டில் பதிவு செய்வது பைலட் டிராக், டப்பிங் பேசுகிறவருக்கு ஒரு வழிகாட்டி. டப்பிங் முடிந்ததும் அதற்கு வேலை இல்லை. ஆனால் நிஜ நீலகிரி அந்த டிராக்கில்தான் இருக்கிறது. குளிரில் நடுங்குகிற நடிகரின் குரல், கொண்டை ஊசி வளைவில் பஸ் அடிக்கும் ஹார்ன், மலை ரயிலின் ஊதல், வேடிக்கை பார்க்க வந்த ஹட்டிக்காரர்கள் (படகர் கிராமத்து ஆட்கள்) தங்கள் படுகு மொழியில் அடிக்கிற கமென்ட். தியேட்டரில் நாம் கேட்கிற குருவிச் சத்தம் பல படங்களில் சவுண்டு லைப்ரரியிலிருந்து எடுத்துப் போட்டது. எந்த நாட்டுக் குருவியோ!

ஃபிலிம் காலத்தில் தூக்கிப் போட்டதற்கு ஒரு காரணமாவது இருந்தது. 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி, எடுத்தது அதைப்போலப் பல மடங்கு. அவ்வளவு டப்பாக்களை யார் வைத்துக் காப்பது? கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி இருக்கும், அதற்காகவே கரைத்தார்கள். கலர் நெகட்டிவில் டெவலப் செய்யும்போதே வெள்ளி போய்விடும், ஆகவே அது லேபில் கிடந்து வினிகர் வாடை அடித்து நாசமானது. அப்புறம் லேபுகளும் மூடப்பட்டன. இப்போது எல்லாம் ஹார்டு டிஸ்க். முன்பைவிட அதிகம் எடுக்கிறார்கள், படம் ரிலீஸ் ஆனதும் அடுத்த படத்துக்காக அதே டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள்.

வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான்கு பேர் கொண்ட ஆங்கிலேய இசைக்குழுவான பீட்டில்ஸ் ஒரு உதாரணம். 1969 ஜனவரியில் அவர்கள் பாட்டு உருவாக்குவதை ஏறக்குறைய 60 மணி நேரம் படம் பிடித்தார்கள். 1970-ல் அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான ஒரு படம் வந்தது. பிரியப்போகிறவர்களின் சோகக் கதையாகவே அதை எல்லோரும் பார்த்தார்கள். 2021-ல் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மிச்சத்தை எடுத்துக் கிட்டத்தட்ட எட்டு மணி நேரத் தொடராக்கினார். அதே நால்வர் சிரித்து விளையாடிக்கொண்டு பாட்டுக் கட்டுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ். 1942-ல் அவரது ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தை ஸ்டுடியோ வெட்டியது, வெட்டியதை அழித்தும்விட்டது. இன்றுவரை தேடுகிறார்கள்.

இதைச் சொன்னால் ஊட்டி நண்பர்கள் உடனே இந்து நகரைக் கைகாட்டுவார்கள். 1960-ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. ஃபிலிம் செய்த ஊரிலேயே ஃபிலிமைக் காப்போம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபிலிமுக்குக் குளிர் மட்டும் போதாது, ஈரமும் குறைவாக இருக்க வேண்டும். ஜூலையில் இங்கே பீரோவில் வைத்த செருப்பிலேயே பூஞ்சை பூக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் மெஷினுக்கும் கரண்டுக்கும் யாராவது பணம் கட்டினால் பேசலாம். இல்லையென்றால் 1964-லிருந்து புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமே மேல்.

தயாரிப்பாளர்களின் பயமும் நியாயமானதுதான், லீக் ஆகிவிடும் என்பார்கள். குரலை வைத்து ஏஐயில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற காலம் வேறு. ‘லால் சலாம்’ பாட்டில் மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை ரஹ்மான் அப்படிக் கொண்டுவந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தார். எல்லோரும் கேட்பார்கள் என்று என்ன நிச்சயம்? ஆகவே நடிகர்கள் இருக்கும் ஷாட்டையும் பாடகர்களின் குரலையும் இருபத்தைந்து வருடம் பூட்டி வையுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆள் இல்லாத மலை ஷாட்டையும் வெறும் சுற்றுப்புறச் சத்தத்தையும் பூட்ட என்ன இருக்கிறது?

மலை ரயிலில் எடுக்க ரயில்வேக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். மற்ற இடங்களுக்கும் அனுமதிக் கடிதம் உண்டு. அதில் ஒரு வரி சேர்த்தால் போதும்: இந்த மாவட்டத்தில் எடுத்த, படத்தில் சேராத பொதுக் காட்சிகளிலும் பைலட் டிராக்கிலும் ஒரு பிரதி, தேதி விவரத்தோடு, காப்பகத்துக்கு. யூனிட்டின் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவில் அதற்கான டிஸ்க்கை வாங்கிவிடலாம். அடுத்து வருகிற மேனேஜரிடம் நான் கேட்கத்தான் போகிறேன். அந்த வரியைச் சட்டப்படி எழுதத் தெரிந்த வக்கீல் நண்பர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.