நரம்பு குறைந்தால் உலர் கண் உறுதியா?

“கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் (கண் திசுவைச் செல் அளவில் பெரிதாக்கிப் படமெடுக்கும் கருவி) கார்னியா (கண்ணின் முன்புற ஒளிபுகும் படலம்) நரம்பு குறைவாகத் தெரிந்தால் உலர் கண் நோய் உறுதி, வேறு சோதனையே வேண்டாம்” என்று நினைப்பது தவறு. நரம்பு இழைகளையும், அழற்சி இருந்தால் கூடும் டென்ட்ரிடிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களையும் திசுவை வெட்டாமலே அந்தக் கருவி காட்டும், அது பெரிய விஷயம்தான். ஆனால் சர்க்கரை நோயிலும், கண்ணில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று வந்துபோன பிறகும் இதே நரம்புகள் குறையும். அப்புறம், ஒரு படத்தில் விழும் பரப்பு பெரும்பாலும் பக்கத்துக்கு 400 மைக்ரான் (0.4 மி.மீ.) உள்ள சதுரம்தான், கார்னியாவோ 11 மி.மீ.க்கு மேல் அகலம். எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கையே மாறிவிடும்.

உலர் கண்ணை உறுதிசெய்ய, 2017-இல் வந்த டியூஸ் 2 (உலர் கண் பற்றிய சர்வதேச நிபுணர் குழு) அறிக்கை கேட்பது அறிகுறிக் கேள்வித்தாள், கூடவே கண்ணீர்ப் படலம் 10 விநாடிக்குள் உடைகிறதா, கண்ணீரின் ஆஸ்மொலாரிட்டி (உப்புச் செறிவு) கூடியிருக்கிறதா, கண்ணின் மேற்பரப்பு பாதிப்பைக் காட்டும் சாயம் பிடிக்கிறதா, இவற்றில் ஒன்றாவது. சாயத்தாளும் ஸ்லிட் லாம்பும் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவி) உள்ள சாதாரண கண் மருத்துவரே இதில் பெரும்பாலானதைப் பார்த்துவிடுவார்.