லயன் முழுக்க எரிந்ததற்குக் காரணம் மின்னொழுக்கு அல்ல

தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயன் எரிந்துபோனது. லயன் என்றால் தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். மின்னொழுக்கு என்று இந்த முறையும் சொல்லி முடித்துவிட்டார்கள், குடியிருந்தவர்களின் கவனயீனம் என்றும் சிலர் எழுதினார்கள். படங்களை எல்லோரும் பார்த்தீர்கள், திரும்பப் போட மனம் வரவில்லை. தீ பிடித்தது ஒரு காம்பராவில், அதாவது ஓர் அறையில். எரிந்தது முழு லயன். முதலாவதற்கு மின்னொழுக்கு காரணமாக இருக்கட்டும். இரண்டாவதற்குக் காரணம் கூரைக்குக் கீழே இருக்கும் திறந்த வெளி. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லயனுக்குள் நின்று மேலே பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் பல இடங்களில் தகரத்தைத் தொடுவதே இல்லை. முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை மேலே ஒரே வெளி. காற்றும் அடுப்புப் புகையும் ஓடும் அதே வழியில்தான் தீயும் ஓடும். சூடான புகை தகரத்தில் முட்டிப் பக்கவாட்டில் பரவும். அங்கே இருப்பதோ கரி படிந்த மரம், மழை ஒழுக்குக்குக் கட்டிய பொலித்தீன், சாக்கு, இப்போது ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையில் சீலிங். ரெஜிபோம் உருகி, எரிந்துகொண்டே சொட்டும். சீலிங் அடித்த வீட்டில், தீ கண்ணில் படும்போது தலைக்கு மேல் முழுக்கப் பிடித்திருக்கும்.

இப்படிப்பட்ட வெளி எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். 2017 ஜூனில் லண்டனில் கிரென்பெல் கோபுரம் என்ற அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்தார்கள். அங்கே தீ ஏறிய வழிகளில் ஒன்று, வெளிச்சுவருக்கும் அதன்மேல் போர்த்திய பலகைக்கும் நடுவில் காற்றுக்காக விட்ட இடைவெளி.

ட்ரிப் சுவிட்ச் போட்டால் போதாதா என்பீர்கள். 30 மில்லி அம்பியர் மின்சாரம் ஒழுகினாலே தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்துவதைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் அது மின்னொழுக்கை மட்டும்தான் அறியும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு தளர்ந்து சூடேறுவதை அறியாது. விளக்குக்கு இழுத்த வயரில் 2000 வாட் கேத்தலை மாட்டினால் ஏறக்குறைய 9 அம்பியர் ஓடும். அதைத் தடுக்க வேண்டியது, அளவு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் விளக்கு வரிசைக்கான 6 அம்பியர் பிரேக்கர். எல்லாம் சரியாக இருந்தாலும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு ஒன்று சாய்ந்தால் தீ தீதான். சுவர் கூரை வரை போனால் அது ஒரு வீட்டோடு நிற்கும்.

செலவா? சுவருக்கு மேல் சரிந்த கூரை வரை திறந்திருப்பது ஒரு முக்கோணம். லயன் 20 அடி அகலம், அந்த முக்கோணம் நடுவில் 5 அடி உயரம் என்றால் அது 50 சதுர அடி. 16க்கு 8 அங்குல சீமெந்துக் கல் அறுபதுக்குள் அடங்கும். இரண்டு பக்கமும் பூச வேண்டும். தகரத்தின் நெளிவுக்குள்ளும் சாந்தை அடைக்க வேண்டும், அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சுவரைத் தாண்டும் மரத்தைச் சுற்றியும் வயர்த் துளையிலும் சாந்துதான். டப்பாவில் வரும் நுரையை அடிக்காதீர்கள், அது எரியும்.

பழைய சுவர் பாரம் தாங்காது என்பது நியாயமான கேள்வி. அப்படியென்றால் இரும்புச் சட்டத்தின் இரு புறமும் 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை, தீயை அரை மணி நேரம் தாங்கும். கூரை ஒழுகினால் கெட்டுவிடும், ஒழுக்கை முதலில் அடைக்க வேண்டும். எல்லாச் சுவரும் முடியாவிட்டால் இரண்டு வீட்டுக்கு ஒன்றாவது எழுப்புங்கள்.

அடைத்தால் புகை எங்கே போகும் என்று அம்மாமார் கேட்பதுதான் சரியான கேள்வி. அவரவர் புகை அவரவர் கூரை வழியாக வெளியே போக வேண்டும், பக்கத்து வீட்டுக்குள் அல்ல. தகரக் குழாய் வைத்தால் மரத்திலிருந்து ஒன்றரை அடி விலக்கி வையுங்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயனில் பின்சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லை. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் கூரையைத் தூக்கித்தான் திறப்பு விட வேண்டும்.

சொந்தக் காணியில் தனி வீடு வந்தால் எல்லாம் தீரும் என்கிறவர்களுக்கு: வரட்டும், அது எங்கள் உரிமை. வரும்வரை பிள்ளைகள் இந்தத் தகரத்துக்குக் கீழேதான் தூங்குகிறார்கள்.

கவனயீனம் என்று எழுதியவர்களே, கொழுந்து பறித்துவிட்டு வந்து ஈர விறகை ஊதிச் சமைக்கிற பெண்ணின் கவனயீனமா இது? அவளா அந்தச் சுவரைப் பாதியில் நிறுத்தினாள்? அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் கொப்பி எல்லாம் சாம்பலானவளுக்கு உலர் உணவுப் பொதியும் கொடுத்து, பழியையும் கொடுக்கிறீர்கள்.

எரிந்த லயனுக்குப் புதுத் தகரம் வரப்போகிறதாம். கூரை இல்லாத இந்த நாட்களில்தான் அந்த வேலை சுலபம். சுவரை உயர்த்தாமல் ஒரு தகரம்கூட ஏற்ற விடாதீர்கள். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் மகஜரில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.