பூ ஜடை தைக்கிறவங்களுக்கும் கூலி பேசுங்க

முகூர்த்த சீசன் வரப்போகுது, அதனால இப்பவே சொல்லிடறேன். மேக்கப், மெஹந்தி, போட்டோ எல்லாத்துக்கும் அட்வான்ஸ் குடுத்து புக் பண்றோம், ஆனா பொண்ணுக்கு பூ ஜடை தைக்கிற அக்காவுக்கு மட்டும் "பாத்து செஞ்சுடலாம்க்கா"ன்னு கடைசியில வெத்தல பாக்கோட ஒரு ஜாக்கெட் பிட்டு வச்சு அனுப்பிடறோம். எனக்கு இது ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு.

பக்கத்துல உக்காந்து பாத்தவங்களுக்கு அந்த வேலை என்னன்னு தெரியும். காலைல பறிச்ச மல்லி மொட்டு சாயங்காலம் விரிஞ்சுடும், அதுக்குள்ள ஒரே சைஸ் மொட்டா பொறுக்கி, வாழைப்பட்டைய ஜடை நீளத்துக்கு அளந்து, மேல அகலமா கீழ போகப்போக குறுகலா வெட்டி, மொட்டு மொட்டா நெருக்கி ஊசி நூலால தைக்கணும், நூலை கொஞ்சம் இழுத்தாலும் காம்பு அறுந்துடும், லூசா விட்டா மணமேடைக்கு வர்றதுக்குள்ள பாதி உதிர்ந்துடும். நடுவுல கனகாம்பரம், மரிக்கொழுந்து வச்சு டிசைன் வேற, அதுக்கு பேப்பரும் கிடையாது பென்சிலும் கிடையாது, எல்லாம் கைக்கணக்கு. அதுக்கும் முன்னாடி அடிப்பின்னல் நேரா விழணும். முடி கம்மின்னா சவுரி சேத்து, இறுக்கமாவும் இருக்கணும், பொண்ணுக்கு தலையும் வலிக்கக்கூடாது. உச்சியில ராக்கொடி, கீழ குஞ்சம். அம்மா, அத்தைன்னு யாரோட கையையோ வருஷக்கணக்கா பாத்துப் பாத்து வந்த வேலைங்க இது.

வீட்ல பழைய ஆல்பம் இருந்தா எடுத்துப் பாருங்க. பொண்ணு வயசுக்கு வந்தப்போ, வளைகாப்பப்போ, ஏன் மொட்டை போடறதுக்கு முன்னாடி பையனுக்குக்கூட ஜடை தைச்சு, ஸ்டூடியோல பின்னாடி கண்ணாடி வச்சு, ஜடை முழுசா தெரியற மாதிரி போட்டோ எடுத்திருப்பாங்க. ஜடைக்காகவே எடுத்த போட்டோ அது! தைச்சது யாருன்னு கேட்டா முக்காவாசி வீட்ல பேர் தெரியாது.

மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோஷம். அதே மல்லிய ஜடையாக்கற கைக்கு என்ன கிடைச்சுது?

ரெடிமேட் ஜடை வாங்கறவங்கள நான் குறை சொல்லல, பரதநாட்டியம் ஆடற பிள்ளைங்களுக்கு ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் புதுசா தைக்க முடியுமா, முடியாது. ஆனா அந்த விலைய காட்டி "கடைல இவ்ளோதான்க்கா"ன்னு தைக்கிறவங்ககிட்ட பேரம் பேசறது அநியாயம்.

கல்யாணம் வச்சிருக்கறவங்க பூவுக்கு தனி, தையக்கூலிக்கு தனின்னு முன்னாடியே பேசி அட்வான்ஸ் குடுத்துடுங்க. உங்க ஊர்ல நல்லா தைக்கிறவங்க இருந்தா, அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு கமெண்ட்ல சொல்லுங்க, தேடறவங்களுக்கு உதவும்.