வாக்கரை உடைத்த கதை

"நீ ஏன் குழந்தைக்கு வாக்கர் வேண்டாம்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரியுற?" என்று நாத்தனார் போன வாரம் போனில் கேட்டார். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்ததால் பாதியில் வைத்துவிட்டேன். மீதி இங்கே.

மகளுக்கு அப்போது எட்டு மாதம். குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், தவழ மட்டும் தொடங்கவில்லை. எதிர் வீட்டுப் பையன் வாக்கரில் வராந்தாவை அளந்துகொண்டிருந்தான். "அவனப் பாரு, ஓடுறான். இவ இன்னும் மடியிலயே கெடக்கா" என்று அத்தை தினம் ஒரு தடவையாவது சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அடியில் சக்கரம், நடுவில் துணி இருக்கை, முன்னால் ஒரு தட்டு. பாட்டுப் பாடும், லைட் எரியும். அவளுக்கு ஒரே குஷி. எனக்கும்தான், பொய் சொல்வானேன். அரைமணி நேரம் கை ஓய்ந்தது. நிம்மதியாகக் குளித்தேன்.

நாலைந்து நாள் கழித்துத்தான் அவள் காலைக் கவனித்தேன். அது நடையே இல்லை. துணி இருக்கையில் தொங்கிக்கொண்டு, கட்டைவிரல் நுனியால் தரையை உந்தி உந்திப் போகிறாள். குதிகால் தரையில் படவே இல்லை. குனிந்து பார்த்தாலும் தட்டு மறைக்கிறது, தன் கால் என்ன செய்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

தேடிப் படித்தேன். அயர்லாந்தில் 190 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வாக்கரில் இருந்த நேரத்தை எல்லாம் கூட்டினால், ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனியாக நடப்பது 3.3 நாள் தள்ளிப்போயிருந்தது. பெற்றோர் சொன்ன விவரங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. வாக்கர்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. சில நாள் தள்ளிப்போனால் குடியும் முழுகிவிடாது. ஆனால் சீக்கிரம் நடக்கும் என்றுதானே வாங்கினோம்?

அதையும் மீறி அது வீட்டில்தான் கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் டீப்பாயில் காப்பியை வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனேன். மூன்றே எட்டு. திரும்புவதற்குள் ஹாலின் அந்தக் கோடியில் இருந்தவள் டம்ளரைப் பிடித்து இழுத்துவிட்டாள். காப்பி முழுக்கத் தட்டில் கொட்டியது. மேலே படவில்லை. வாக்கரில் ஒரு குழந்தை நொடிக்கு மூன்றடிக்கு மேல் போய்விடும் என்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். கனடாவில் 2004இலேயே தடை. பழையதைக்கூட அங்கே விற்க முடியாது.

அத்தையின் கவலைக்கும் பதில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா (தெற்கு டெல்லி) உட்பட ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கில், தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை இருக்கிறது. நூற்றுக்கு நாலு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. "அப்ப ஒன்றரை வயசு வரைக்கும் பொறுக்கணுமா?" என்றார் அத்தை. ஆமாம் அத்தை, அதுக்கப்புறமும் நடக்கலைன்னா டாக்டரைப் பார்ப்போம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம்மிடம் பிள்ளைத்தமிழ் என்று ஒரு இலக்கியமே உண்டு. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளைத் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தும் ஐந்தாம் மாதக் குழந்தைக்கு அதில் செங்கீரைப் பருவம். அப்புறம் உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணி. தளர்நடை போடும் வயதுக்கு வருகைப் பருவம். தரையில் விட்டு வளர்த்தவர்கள் பாடியது. இன்று குழந்தையைக் குப்புறப் போட்டுப் பழக்குவதற்கு 'டம்மி டைம்' (tummy time) என்று காசு கட்டி வகுப்புக்குப் போகிறோம்.

நடைவண்டியும் நம்முடையதுதான். மூன்று மரச்சக்கரம், பிடிக்க ஒரு கட்டை. குழந்தை தன் எடையைத் தானே தாங்கி நிற்க வேண்டும், கால் கண்ணுக்குத் தெரியும், தடுமாறினால் விழும். நியூயார்க்கில் செய்து 2012இல் வெளியான ஆய்வில் எண்ணியிருக்கிறார்கள்: நடை பழகும் குழந்தை விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைக்கிறது, 17 தடவை விழுகிறது.

பதினோராம் மாதம் அப்பா ஊரிலிருந்து நடைவண்டி கொண்டுவந்தார். எங்கள் வீட்டு டைல்ஸ் தரையில் வண்டி முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடியது, இவள் பின்னால் தொப்பென்று உட்கார்ந்தாள். அப்பா பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சக்கரத்தில் சுற்றினார். மண்தரைக்குச் செய்த வண்டி, பாவம். அதன் பிறகு மெதுவாகப் போனது. பக்கத்திலேயே ஒரு ஆள் இருக்க வேண்டும், அது இதற்கும் உண்டு.

வாக்கரை மாடி வீட்டில் கேட்டார்கள். தர மனம் வரவில்லை. சக்கரத்தை எல்லாம் கழற்றி, சட்டத்தை இரண்டாக உடைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். "நல்லாத்தானேம்மா இருந்திருக்கு, எதுக்கு உடைச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே தராசில் வைத்தார்.